சட்டவிரோத போதைப்பொருள் ஆய்வகங்கள்: சோதனை முடிந்த பின் அந்த வீட்டைத் தூய்மைப்படுத்துவது யார் பொறுப்பு?

புது டெல்லி: சட்டவிரோத போதைப்பொருள் ஆய்வகம் ஒன்றைப் போலீசார் கண்டுபிடித்தால், கைது செய்யப்பட்டவர்கள் யார், சிக்கிய பொருளின் சந்தை மதிப்பு எத்தனை கோடி என்பவையே செய்தியாகின்றன. சீல் வைக்கப்பட்ட அந்தக் கட்டிடம் பின்னர் என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. சுவர்களிலும் தரைவிரிப்பிலும் கழிவுநீர்க் குழாயிலும் படிந்த ரசாயனங்களை அகற்றுவது யார்? அந்த வீடு மீண்டும் குடியிருக்கத் தகுதியானது என்று சான்றளிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தனிச் சட்டங்கள் மூலம் விடை கண்டுள்ளன. இந்தியாவிலும் இத்தகைய ஆய்வகங்கள் அடுத்தடுத்து சிக்கிவரும் நிலையில், அச்சட்டங்கள் எவ்வாறு செயல்படுகின்றன, நம் நாட்டுச் சட்டங்கள் இது குறித்து என்ன சொல்கின்றன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

சட்டவிரோத ஆய்வகம் என்றதும் கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய பெரிய கூடம் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது வாடகை வீட்டின் சமையலறையாகவோ, விடுதி அறையாகவோ, வாகனக் கொட்டகையாகவோ, பண்ணைக் கிடங்காகவோ இருக்கலாம். மெத்தாம்பெட்டமைன் போன்ற செயற்கை போதைப்பொருட்களைத் தயாரிக்க, எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களும் அரிக்கும் தன்மை கொண்ட அமிலங்களும் காரங்களும் பயன்படுத்தப்படுகின்றன. சில தயாரிப்பு முறைகளில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களும் எஞ்சுகின்றன.

ஒரு பவுண்டு மெத்தாம்பெட்டமைன் தயாரிக்கப்படும்போது 5 முதல் 6 பவுண்டு வரை நச்சுக்கழிவு உண்டாவதாக அமெரிக்க அரசு அமைப்புகள் மதிப்பிடுகின்றன. இக்கழிவு கழிவறையிலோ, சமையலறைத் தொட்டியிலோ, கொல்லைப்புற மண்ணிலோ ஊற்றப்படுகிறது. தயாரிப்பின்போது எழும் ஆவி சுவர், கூரை, திரைச்சீலை, குளிர்சாதனக் குழாய் என எல்லாவற்றிலும் படிகிறது. இப்படிவு கண்ணுக்குத் தெரியாமலும் வாசனையின்றியும் இருக்கக்கூடும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் பச்சிளம் குழந்தைகளே இதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதால், பாதுகாப்பு வரம்புகளைக் கணக்கிடும் வல்லுநர்கள் அவர்களையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

போலீசார் அகற்றுவது எது? அகற்றாதது எது?

ஆய்வகத்தை அகற்றும் பணி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டத்தில், கைப்பற்றப்பட்ட ரசாயனப் பீப்பாய்கள், குடுவைகள், கருவிகள் ஆகியவற்றைச் சட்ட அமலாக்க அமைப்புகள் அப்புறப்படுத்துகின்றன. அமெரிக்காவில் இதற்கு அந்நாட்டின் போதைப்பொருள் அமலாக்க முகமையான டிஇஏ உதவுகிறது. இந்த முதல் கட்டத்துடன் போலீசாரின் பணி முடிந்துவிடுகிறது.

இரண்டாம் கட்டம், கட்டிடத்தில் எஞ்சியிருக்கும் நச்சை நீக்கி அதனை மீண்டும் வாழத் தகுந்ததாக்குவது. பீப்பாய்கள் போன பிறகும் சுவரில் படிந்த நச்சு அங்கேயே இருக்கும். இப்பணிக்கு நாடு முழுவதற்குமான கட்டாயத் தரநிலை எதையும் அமெரிக்க மத்திய அரசு வகுக்கவில்லை. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட மெத்தாம்பெட்டமைன் தூய்மைப்பணி ஆராய்ச்சிச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2009இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவை 2013இல் திருத்தப்பட்டன. 2021இல் ஃபென்டானில் ஆய்வகங்களும் அவற்றில் சேர்க்கப்பட்டன. எனினும் இவை பின்பற்றுவோரின் விருப்பத்திற்கு உட்பட்டவை மட்டுமே. சட்டபூர்வமான கட்டாயம் மாநில, உள்ளாட்சிச் சட்டங்களிலிருந்தே பிறக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

வழிகாட்டிய வாஷிங்டன் மாநிலம்

இத்துறையில் முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று, வாஷிங்டன் மாநிலம் 1990ஆம் ஆண்டு இயற்றிய மாசடைந்த சொத்துகள் தொடர்பான சட்டம். இதன் நடைமுறை, பொறுப்புகளைப் படிப்படியாகப் பிரித்து வைத்துள்ளது.

முதலாவதாக, ஒரு சொத்து அபாயகரமான ரசாயனங்களால் மாசடைந்துள்ளது எனத் தெரியவந்தால், போலீசார் அதனை உள்ளூர் சுகாதார அலுவலருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தகவல் கிடைத்த ஒரு வேலை நாளுக்குள், அக்கட்டிடத்தில் எழுத்துபூர்வமான எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டும். 14 நாட்களுக்குள் சுகாதார அலுவலர் நேரில் ஆய்வு நடத்த வேண்டும்.

இரண்டாவதாக, ஆய்வில் அந்த இடம் பயன்பாட்டிற்குத் தகுதியற்றது எனத் தெரிந்தால், அதனைப் பயன்படுத்தத் தடை விதித்து உத்தரவு பிறப்பிக்கப்படும். இதனை எதிர்த்து முறையிடும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. இந்த உத்தரவு சொத்துப் பதிவேட்டிலும் ஏற்றப்படுகிறது. எனவே, அந்தச் சொத்தை வாங்க முன்வருபவர் பதிவேட்டைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, தூய்மைப்பணியை மாநில சுகாதாரத் துறையின் சான்று பெற்ற ஒப்பந்ததாரரே மேற்கொள்ள வேண்டும். சுகாதார அலுவலரின் அனுமதியின்றி உரிமையாளர் தாமாகவே சுவரைக் கழுவி, வண்ணம் பூசி, வேறொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. எழுத்துபூர்வமான பணித்திட்டம் முன்கூட்டியே சமர்ப்பிக்கப்பட வேண்டும். பணி முடிந்து, பரிசோதனை முடிவுகள் வரம்புக்குள் வந்த பின்னரே தடை நீக்கப்படும்.

நான்காவதாக, உரிமையாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், நகராட்சியோ கவுன்டி நிர்வாகமோ தானே தூய்மைப்படுத்தலாம் அல்லது கட்டிடத்தை இடிக்கலாம். அதற்கான செலவு அந்தச் சொத்தின் மீது வரி நிலுவையைப் போல ஏற்றப்படும். நம் ஊர் வழக்கில் சொல்வதானால், அச்செலவு சொத்தின் மீது வில்லங்கமாக நிற்கும்.

பிற மாநிலங்களின் அணுகுமுறை

யூட்டா மாநிலம் 2004இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கு மாசடைந்த சொத்துகளின் பட்டியலை உள்ளூர் சுகாதாரத் துறைகள் பராமரிக்கின்றன. பட்டியலில் இடம்பெற்ற சொத்து, தூய்மைப்பணி முடிந்து தரநிலையை எட்டிய பின்னரே நீக்கப்படுகிறது. கொலராடோவில், வீடு வாங்குபவர் அந்த வீட்டில் மெத்தாம்பெட்டமைன் படிவு உள்ளதா எனப் பரிசோதிக்கவும், இருப்பது தெரியவந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகவும் சட்டம் உரிமை அளிக்கிறது.

கலிபோர்னியாவின் மெத்தாம்பெட்டமைனால் மாசடைந்த சொத்துகள் தூய்மைச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2020ஆம் ஆண்டு முதல் ஃபென்டானிலும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. அங்கும் ஆய்வு நடத்துவது, பயன்பாட்டிற்குத் தடை விதிப்பது, பணி முடிந்தபின் விடுவிப்பது ஆகிய அதிகாரங்கள் உள்ளூர் சுகாதார அலுவலரிடமே உள்ளன.

மாநிலச் சட்டம் வலுவாக இல்லாத இடங்களில், நகரங்களும் கவுன்டிகளும் பொதுத் தொல்லை தடுப்பு அதிகாரத்தைக் கொண்டு தாமே விதிகள் வகுத்துள்ளன. ஒரே நாட்டில் ஒரு கவுன்டியில் கட்டாயமான பரிசோதனை, எல்லை கடந்த அடுத்த கவுன்டியில் தேவையில்லை என்ற நிலையும் இதனால் ஏற்படுகிறது.

டிஇஏ நாடு தழுவிய ஆய்வகப் பதிவேடு ஒன்றை இணையத்தில் வைத்துள்ளது. ஆனால் அதிலுள்ள முகவரிகள் பல்வேறு போலீஸ் அமைப்புகள் அனுப்பியவை. பெரும்பாலானவற்றை டிஇஏ தானே சரிபார்க்கவில்லை. போலீசாரிடம் சிக்காத ஆய்வகங்கள் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை என்பதால், பட்டியலில் முகவரி இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு வீடு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது.

எவ்வளவு எஞ்சியிருந்தால் பாதுகாப்பு?

இச்சட்டங்களின் மையமான கேள்வி இதுவே. 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரப் பரப்பை, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். அந்த 100 சதுர சென்டிமீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் மெத்தாம்பெட்டமைன் உள்ளது என்பதே அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இபிஏ தொகுத்த விவரங்களின்படி, மாநிலங்களின் வரம்புகள் 0.05 மைக்ரோகிராம் முதல் 1.5 மைக்ரோகிராம் வரை வேறுபடுகின்றன. அதாவது, கடுமையான வரம்புக்கும் தளர்வான வரம்புக்கும் இடையே 30 மடங்கு வித்தியாசம். இதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் வகுக்கப்பட்ட வரம்புகள் பலவும், உடல்நலப் பாதிப்பை அளந்து நிர்ணயிக்கப்பட்டவை அல்ல. ஆய்வுக்கூடக் கருவியால் கண்டறிய முடிந்த, தூய்மைப்பணியால் எட்ட முடிந்த அளவையே அவை பிரதிபலித்தன. கலிபோர்னியாவில் முதலில் 0.1 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு, சிறு குழந்தைகளுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பை அடிப்படையாகக் கொண்ட அறிவியல் மதிப்பீட்டிற்குப் பின் 1.5 மைக்ரோகிராமாக மாற்றப்பட்டது. வாஷிங்டன் மாநிலமும் பின்னர் 1.5 மைக்ரோகிராம் வரம்பையே ஏற்றது.

தூய்மைப்பணி எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில் கட்டிடம் நன்கு காற்றோட்டமாக்கப்படுகிறது. தரைவிரிப்பு, மெத்தை, திரைச்சீலை என ரசாயனத்தை உறிஞ்சும் பொருட்கள் அப்புறப்படுத்தப்படுகின்றன. குளிர்சாதன, காற்றோட்டக் குழாய்கள் தனியாகத் தூய்மை செய்யப்படுகின்றன. பின்னர் சோப்புக் கரைசலால் கூரையில் தொடங்கி, சுவர் வழியாகத் தரை வரை மீண்டும் மீண்டும் கழுவி அலசுகின்றனர். கழிவுநீர்க் குழாய்களும், கழிவு ஊற்றப்பட்ட இடத்து மண்ணும் தேவைப்பட்டால் பரிசோதிக்கப்படுகின்றன.

பிளீச்சிங் திரவம் போன்ற வீரியமிக்க ரசாயனங்களைப் பயன்படுத்துவதை இபிஏ பரிந்துரைக்கவில்லை. அவை எஞ்சியுள்ள ரசாயனங்களுடன் வினைபுரிந்து புதிய நச்சுகளை உருவாக்கக்கூடும் என்பதே காரணம். கழுவாமலே மேலே வண்ணம் பூசி மறைப்பதும் தூய்மைப்பணி ஆகாது. கழுவி, பரிசோதித்து, முடிவு வந்த பின்னரே வண்ணப் பூச்சு அனுமதிக்கப்பட வேண்டும் என்று நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன.

செலவைச் சுமப்பவர் யார்?

குற்றம் செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அவர் பெரும்பாலும் சிறையில் இருப்பார். அல்லது கையில் பணம் இருக்காது. ஆகவே, சட்டத்தின் பிடி கட்டிட உரிமையாளர் மீதே விழுகிறது. தம் வீட்டில் என்ன நடந்தது என்றே அறியாமல் வாடகைக்கு விட்டவரும் இதில் அடக்கம். குற்றவழக்கில் அவர் நிரபராதி. தூய்மைப்பணி உத்தரவில் அவரே பொறுப்பாளி. இச்சட்டங்கள் மீது எழும் முதன்மையான மனக்குறை இதுவே.

சில ஆயிரம் டாலர்களில் தொடங்கும் செலவு, வீட்டின் பரப்பையும் மாசின் அளவையும் பொறுத்துப் பன்மடங்காகிறது. வீட்டுக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் மாசு தொடர்பான இழப்பு விலக்கப்பட்டிருப்பதால், காப்பீடும் எல்லா நேரங்களிலும் கைகொடுப்பதில்லை. அவசரகால நடவடிக்கைச் செலவுக்காக உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு நிகழ்வுக்கு 25 ஆயிரம் டாலர் வரை திருப்பி வழங்கும் திட்டம் இபிஏவிடம் உண்டு. எனினும் அது உள்ளாட்சி அமைப்புகளுக்கானது. தனிநபர் உரிமையாளர்களுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் 2004இல் ஆய்வகங்கள் தொடர்பான நிகழ்வுகள் 23 ஆயிரத்தைத் தாண்டின. 2006 மார்ச்சில் கையெழுத்தான மெத்தாம்பெட்டமைன் தடுப்புச் சட்டம், மூலப்பொருளான சூடோஎபெட்ரின் கலந்த சளி மருந்துகளின் சில்லறை விற்பனையை ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் எனக் கட்டுப்படுத்தியது. மெக்சிகோவிலிருந்து போதைப்பொருள் பெருமளவில் வரத் தொடங்கியதும் மற்றொரு காரணமாக, 2019க்குள் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் முன்பு மாசடைந்து, முறையாகத் தூய்மை செய்யப்படாமல் கைமாறிய வீடுகளின் பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

மறுபக்கம்: நியூசிலாந்தின் பாடம்

விதி இல்லாததால் ஆபத்து எழுவதைப் போலவே, விதியைத் தவறான இடத்தில் பொருத்தினாலும் மக்கள் பாதிக்கப்படுவர் என்பதற்கு நியூசிலாந்து சான்று. அந்நாட்டின் சுகாதார அமைச்சகம் 2010இல் 100 சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை வகுத்தது. அது போதைப்பொருள் தயாரிக்கப்பட்ட ஆய்வகங்களுக்கானது. ஆனால், யாரோ போதைப்பொருளைப் புகைத்ததால் மட்டுமே சிறு படிவு ஏற்பட்ட வீடுகளுக்கும் அதே அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. அரசுக் குடியிருப்புகளில் வசித்த சுமார் 800 குடித்தனத்தினர் இதனால் பாதிக்கப்பட்டனர். பலர் வீட்டை இழந்தனர்.

2018 மே மாதம், பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீட்டர் குளுக்மன் அளித்த அறிக்கை, புகைத்ததால் எஞ்சிய படிவின் வழியாக மூன்றாம் நபருக்கு உடல்நலக் கேடு ஏற்பட்டதற்குச் சான்று இல்லை எனத் தெரிவித்தது. ஆய்வகம் இயங்கியதற்கான ஐயம் இல்லாத வீடுகளில், 15 மைக்ரோகிராமுக்குக் கீழான அளவுக்கு நடவடிக்கை தேவையில்லை என்றும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு வீட்டுவசதி அமைப்பு மன்னிப்புக் கோரி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க முன்வந்தது.

இந்தியாவில் நிலை என்ன?

2023 மே மாதம் உத்தரப் பிரதேச மாநிலம் கிரேட்டர் நொய்டாவில், குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு எடுக்கப்பட்ட வீட்டில் மெத்தாம்பெட்டமைன் தயாரிக்கப்பட்டது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மகாராஷ்டிராவின் நாசிக் அருகே மெபெட்ரோன் ஆலை ஒன்று மும்பை போலீசாரிடம் சிக்கியது. 2024 அக்டோபரில் போபால் அருகே பக்ரோடா தொழிற்பேட்டையில், என்சிபி எனப்படும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவும் குஜராத் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவும் நடத்திய சோதனையில் 907 கிலோ மெபெட்ரோன் கைப்பற்றப்பட்டது. அதன் மதிப்பு ரூ.1,814 கோடி என அறிவிக்கப்பட்டது. அதே மாதம் கிரேட்டர் நொய்டாவின் கஸ்னா தொழிற்பேட்டையில் சுமார் 95 கிலோ மெத்தாம்பெட்டமைன் சிக்கியது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், தயாரிப்பவருக்குக் கடும் தண்டனை விதிக்கிறது. தெரிந்தே தம் இடத்தை இதற்குப் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமையாளருக்கும் அச்சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. கைப்பற்றப்பட்ட பொருட்களைச் சேமிப்பது, மாதிரி எடுப்பது, அழிப்பது ஆகியவற்றுக்கு 52ஏ பிரிவும் 2022ஆம் ஆண்டின் விதிகளும் வழிவகுக்கின்றன. ஆனால் இவை பேசுவது கைப்பற்றப்பட்ட பொருளைப் பற்றி. அது தயாரிக்கப்பட்ட கட்டிடத்தைப் பற்றி அல்ல. சுவரில் எவ்வளவு படிவு இருக்கலாம், குடியிருக்கலாம் என்று யார் சான்றளிக்க வேண்டும் என்பவற்றுக்கு அமெரிக்க மாநிலங்களில் உள்ளதைப் போன்ற தனி ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை.

எனினும் சட்டத்தில் வழியே இல்லை என்று கூற முடியாது. அபாயகரமான கழிவுகள் தொடர்பான 2016ஆம் ஆண்டு விதிகள், முறையற்ற கழிவு மேலாண்மையால் ஏற்படும் சுற்றுச்சூழல் பாதிப்புக்குச் சம்பந்தப்பட்ட இடத்தை நடத்துபவரைப் பொறுப்பாக்குகின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு, வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என உறுதிசெய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் இக்கோட்பாட்டை ஏற்றுள்ளது.

உள்ளூர் அளவில், பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு நிர்வாக நீதித்துறை நடுவர்களுக்கு அளிக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவாக இருந்தது இதுவே. அப்பிரிவின் கீழ் எழுந்த ரத்லம் நகராட்சி வழக்கில், நிதி இல்லை என்று கூறி உள்ளாட்சி அமைப்பு தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நினைவுகூரத்தக்கது.

இவற்றுடன், 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை அறிவிக்கை செய்தது. மாசடைந்ததாக ஐயப்படும் இடங்களின் பட்டியலை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்ப வேண்டும் என்றும், தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு நடைபெற வேண்டும் என்றும் இவ்விதிகள் கூறுகின்றன. செலவை மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும். அவரைக் கண்டறிய இயலாவிடில் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். தொழிற்சாலைக் கழிவுகள் கொட்டப்பட்ட இடங்களை முதன்மையாகக் கருத்தில் கொண்ட இந்த நடைமுறை, ஒரு தொழிற்பேட்டைக் கொட்டகைக்குப் பொருந்தக்கூடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டு அறை வீட்டுக்கு இதன் கால அளவுகள் நீண்டவை. அடுத்த குடித்தனம் அதற்குள் வந்துவிடும்.

வீட்டு உரிமையாளர்களும் வாங்குவோரும் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் சொத்து வாங்குபவர் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்று. அதில் அடமானமும் விற்பனையும் தெரியும். அந்த வீட்டில் ரசாயன ஆய்வகம் இயங்கியது தெரியாது. ஆகவே, வாடகைக்கு விடுபவர் குடியிருப்போரின் அடையாளத்தைச் சரிபார்த்து, பல நகரங்களில் நடைமுறையில் உள்ளபடி காவல் நிலையத்தில் விவரம் அளிப்பது அவசியம். எப்போதும் மூடப்பட்ட சன்னல்கள், காரமான ரசாயன நெடி, அளவுக்கு மீறிய ரசாயனக் கொள்கலன்கள், சுவரிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் விளங்காத மஞ்சள் அல்லது செந்நிறக் கறை ஆகியவை ஐயத்திற்குரிய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உள்ளே செல்லாமல், எதையும் தொடாமல் 112 என்ற அவசர எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

போலீசார் சீல் வைத்த கட்டிடம் திரும்ப ஒப்படைக்கப்படும்போது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்து ஆய்வு கோருவதும், தகுதி பெற்ற நிறுவனத்தின் மூலம் கழிவை அகற்றுவதும், அதற்கான ஆவணங்களைப் பாதுகாப்பதும் உரிமையாளருக்கு நல்லது. வெறும் துடைப்பமும் வாளியும் கொடுத்து தூய்மைப் பணியாளர் ஒருவரை உள்ளே அனுப்புவது அவர் உயிருடன் விளையாடுவதற்குச் சமம்.

அமெரிக்க மாநிலங்களின் அனுபவத்திலிருந்து இந்தியா எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று: சோதனை நடத்தும் அமைப்பு உள்ளூர் சுகாதார அலுவலருக்குத் தகவல் தரும் கட்டாயம், கட்டிடத்தின் நிலை சொத்துப் பதிவேட்டில் தெரியும் ஏற்பாடு, அறிவியல் அடிப்படையிலான வரம்பு. நியூசிலாந்தின் அனுபவம் நான்காவது ஒன்றைச் சேர்க்கிறது: அந்த வரம்பை எந்த வீட்டிற்குப் பொருத்துவது என்பதில் தெளிவு. இந்நான்கும் இல்லாதவரை, போலீசார் வைத்த சீல் அகற்றப்பட்ட மறுநாள் அந்தக் கதவைத் திறந்து குடியேறும் குடும்பத்திற்கு, அந்தச் சுவரில் என்ன படிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை.